ஆள் உயிர் தொங்கும் எந்திரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஓஎஸ்: விடலாமா, கூடாதா?

நிரலி:
கிரேன், கப்பல், ஸ்கேன் மெஷின் என்று எங்கு பார்த்தாலும் உள்ளே விண்டோஸோ சாதாரண லினக்ஸோ ஓடுகிறது. விலை குறைவு, தெரிந்த ஆள் சுலபமாகக் கிடைப்பார், திரை அழகாக இருக்கும் என்கிறார்கள். பழுதானால் ஆள் சாகக்கூடிய இடத்தில், ஆபீஸ் வேலைக்கென்று செய்த ஓஎஸ்ஸை, அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பல் வர்ஜீனியா கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. ஆட்களைக் குறைத்துக் கப்பலை ஓட்ட முடியுமா என்று பார்ப்பதற்காக அதில் விண்டோஸ் என்டி 4.0 கணினிகளை நெட்வொர்க்கில் கோத்திருந்தார்கள். மாலுமி ஒருவர் தரவுத்தளத்தின் ஒரு கட்டத்தில் பூஜ்யத்தை உள்ளிட்டார். நிரல் அந்தப் பூஜ்யத்தால் வகுக்கப்போய் விழுந்தது. நெட்வொர்க்கில் இருந்த மற்றவையும் அதோடு விழுந்தன, உந்துவிசை நின்றுபோனது. ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் கப்பல் செயலிழந்து கிடந்ததாகக் கடற்படையே சொன்னது.

லேத்து:
நிரலி மேடம், அதில் விண்டோஸை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. பூஜ்யம் வந்தால் ஏற்காதே என்று அந்த நிரலை எழுதியவர் எழுதவில்லை. அதே நிரலை யூனிக்ஸ் என்ற வேறொரு ஓஎஸ்ஸில் ஓட்டியிருந்தாலும் விழுந்திருக்கும்.

எங்கள் பட்டறையில் பழைய மில்லிங் மெஷினுக்குக் கண்ட்ரோலர் போய்விட்டது. புதுசு போடச் சொன்ன விலைக்கு இன்னொரு பழைய மெஷினே வாங்கலாம். அதனால் பிசியில் மாக்-3 என்ற, மெஷினை ஓட்டும் மென்பொருளைப் போட்டு ஓட்டுகிறோம். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் வயர் பிசி வழியாகப் போகவில்லை. ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூலம் நேராக மோட்டார்களின் டிரைவ் பவரையும், கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலையும் அறுத்துவிடும். விண்டோஸ் விழுந்து நீலத்திரை வந்தால் ஜாப் கெடும், கட்டர் உடையும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

நிரலி:
அண்ணா, "கட்டர் உடையும்" என்பதை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டீர்கள். ஓடுகிற ஸ்பிண்டிலில் உடைந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? அப்புறம், பட்டனை அழுத்த ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், ஏதோ தப்பு என்று அவருக்கு உறைக்கவும் வேண்டும்.

யார்க்டவுனில் நிரல் தப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நிரலின் சாவு அடுத்ததை இழுக்காமல் தடுத்திருக்க வேண்டாமா? டெஸ்க்டாப் ஓஎஸ் எல்லாருக்கும் சராசரியாக வேகமாக வேலை செய்யப் பார்க்கும். "இந்த வேலை இத்தனை மில்லி செகண்டுக்குள் முடிந்தே தீரும்" என்ற உறுதியை அது தருவதில்லை. அப்டேட் இறங்குகிறது, வைரஸ் ஸ்கேன் ஓடுகிறது என்று நடுவில் கொஞ்ச நேரம் காணாமல் போகும். எக்செல்லில் அது தெரியாது. மோட்டாருக்கு நகரச் சொல்லும் பல்ஸ் (மின்துடிப்பு) அனுப்பும்போது தெரியும்.

லேத்து:
அதற்குத்தான் பல்ஸ் கொடுக்கத் தனி மோஷன் கார்டு இருக்கிறதே. பிசி எங்கே போகவேண்டும் என்று மட்டும் சொல்லும், கார்டு ஓட்டும்.

கப்பல்காரன்:
நான் வணிகக் கப்பல்களில் எலக்ட்ரிக்கல் ஆபீசர். போர்க்கப்பலை வைத்து எல்லாக் கப்பலையும் எடைபோட வேண்டாம். எங்கள் எஞ்சின் ரூமில் அலாரம், மானிட்டரிங் திரைகள் பெரும்பாலும் விண்டோஸ்தான். மெயின் எஞ்சின் அளவுக்கு மீறி வேகமெடுத்தால் நிறுத்துவது, லூப் ஆயில் (மசகு எண்ணெய்) அழுத்தம் விழுந்தால் நிறுத்துவது எல்லாம் தனி சேஃப்டி சிஸ்டம். தனி சென்சார், தனி சப்ளை. திரைகள் மொத்தமும் இருண்டாலும் எஞ்சின் பக்கத்தில் நின்று கையால் ஓட்ட வழி இருக்கிறது. கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் ஸ்டியரிங் போனால் ஸ்டியரிங் கியர் ரூமிலிருந்து திருப்பலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பயிற்சி செய்யவேண்டும் என்பது சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி.

ஓஎஸ் எது என்று கேட்பதற்கு முன்னால், அது செத்தால் எந்திரம் என்ன செய்யும் என்று கேளுங்கள்.

நிரலி:
செத்தால் பரவாயில்லை சார், இருண்ட திரையை யாரும் நம்பமாட்டார்கள். திரை உறைந்துபோய் பத்து நிமிடம் முன்னால் இருந்த எண்ணையே காட்டிக்கொண்டு நின்றால்? உங்கள் எக்டிஸ் என்ற மின்னணுக் கடல் வரைபடத்தில் கப்பல் ஓரிடத்தில் நிற்கிறது, நிஜத்தில் மணல்திட்டை நோக்கிப் போகிறது. அங்கே எந்த ரிலேவும் கிடையாது. திரையைப் பார்த்து மனிதர் எடுக்கும் முடிவுதான் கடைசிப் பாதுகாப்பு. அதனால் வெறும் டிஸ்பிளே தானே என்ற வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன்.

2004 செப்டம்பர் 14 அன்று கலிபோர்னியாவின் பாம்டேல் விமானக் கட்டுப்பாட்டு மையத்தில் விமானிகளோடு பேசும் வசதி அறுந்துபோனது. அதைக் கவனித்த கணினிகளை யூனிக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளே ஒரு 32 பிட் எண்ணி மில்லி செகண்டுகளை எண்ணிக்கொண்டே போகும், 49.7 நாளில் நிரம்பிவிடும். அதற்கு முன்னால் மாதம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யவேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். ஒரு முறை அது விட்டுப்போனது. மாற்று அமைப்பும் கைகொடுக்கவில்லை. வானத்தில் நூற்றுக்கணக்கான விமானங்கள், கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு கையறு நிலையில் கட்டுப்பாட்டாளர்கள். சில விமானங்கள் விதித்த இடைவெளியைத் தாண்டி நெருங்கிவிட்டன.

லேத்து:
இதையே திருப்பிச் சொல்கிறேன். 2015-ல் போயிங் 787-க்கு அமெரிக்க விமானத்துறை ஒரு உத்தரவு போட்டது. ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 248 நாள் விடாமல் மின்சாரத்தில் இருந்தால் உள்ளே ஒரு எண்ணி நிரம்பி, ஏசி மின்சாரம் மொத்தமும் போகலாம், ஆகவே அதற்குள் அணைத்துப் போடுங்கள் என்று. அங்கே விண்டோஸ் எங்கே? விமானத்துக்கென்றே கடுமையாகச் சோதித்து எழுதிய மென்பொருள் அது.

அதே 2015-ல் ஓடுகிற ஜீப் செரோக்கியை இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தூரத்திலிருந்து இணையம் வழியே கைப்பற்றினார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. அந்த வண்டியின் பாட்டுப்பெட்டியில் ஓடியது க்யூஎன்எக்ஸ். குறித்த நேரத்துக்குள் வேலையை முடித்தே தீரும் என்று நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ரியல்டைம் ஓஎஸ் வகை!

நிரலி:
ஜீப்பில் பாட்டுப்பெட்டிக்கும் பிரேக்குக்கும் நடுவில் வழி விட்டது கோளாறு. 787-ல் குறை இருந்தது உண்மை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஓட்டிப் பார்த்தே கண்டுபிடித்து, எத்தனை நாளில் வரும் என்று சொல்லமுடிந்தது. அந்த அளவுக்குச் சோதிக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஸ்கேன்ரூம்:
ஆஸ்பத்திரி எக்விப்மென்ட் பார்க்கிறவன் நான். நீங்கள் எல்லாரும் முதல் நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். பன்னிரண்டாவது வருஷத்தில் என்ன ஆகும்?

எம்ஆர்ஐ ஒன்று வாங்கினால் பத்துப் பதினைந்து வருஷம் ஓட்டவேண்டும். 2001-ல் வந்த எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு நின்றது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில். மெஷின் நன்றாக இருக்கும், உள்ளே ஓஎஸ் அனாதை. சரி, ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்ச் இருக்கும்போதாவது போடலாமா என்றால், கம்பெனி சோதித்து ஒப்புதல் தராமல் தொடக்கூடாது. கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் வந்த 2017 மே மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பே மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்துவிட்டது. ஆனாலும் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின்கள்கூடப் பூட்டிக்கொண்டன. பேட்ச் போட்டால் மெஷின் மாறிவிடுமோ என்று பயம், போடாவிட்டால் வைரஸ் பயம். இந்த இக்கட்டை நான் தினமும் பார்க்கிறேன். நோயாளி மேஜையில் படுத்திருக்கும்போது இதை யோசிக்க நேரமில்லை.

லேத்து:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பட்டறையில் நெட் கனெக்‌ஷனே கொடுக்காமல் ஓட்டலாம்.

ஸ்கேன்ரூம்:
ஸ்கேன் படம் டாக்டர் அறைக்குப் போயாகவேண்டுமே அண்ணே. நெட்வொர்க்கை எப்படி அறுப்பது?

லேத்து:
இன்னொரு பக்கமும் யோசியுங்கள். பால்கன் 9 ராக்கெட்டின் கணினிகளில் லினக்ஸ்தான். ஒரே கணக்கை மூன்று இடத்தில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். லினக்ஸின் ரியல்டைம் பகுதியும் 2024-ல் அதன் மையப் பகுதியான மெயின் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. சான்றிதழ் வாங்கிய கண்ட்ரோலர்தான் வேண்டும் என்று சட்டம் போட்டால் சின்னப் பட்டறைக்காரன் வாங்கமாட்டான். காவல் கதவு, சென்சார் எதுவும் இல்லாத பழைய மெஷினிலேயே கையை விட்டு வேலை செய்வான். விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிரலி:
அது எனக்கும் வலிக்கிற விஷயம்தான் அண்ணா. ஒன்று கேட்கிறேன். பிசி உறைந்தால் மெஷினுக்கு எப்படித் தெரியும்? உறைந்ததைக் கண்டு நிறுத்தும் வாட்ச்டாக் வைத்திருக்கிறீர்களா?

லேத்து:
இருக்கிறது. மாக்-3 ஓடும்வரை பிசியின் ஒரு பின்னில் (மின் இணைப்பு முனையில்) 12.5 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு வந்துகொண்டிருக்கும், சார்ஜ் பம்ப் என்போம். அது நின்றால் ரிலே விழும், டிரைவ் பவர் போகும். கதவு ஸ்விட்சும் அதே ரிலே வரிசையில்தான்.

நிரலி:
அப்படியானால் உங்கள் மெஷினில் ஆளைக் காப்பது அந்த ரிலே, விண்டோஸ் இல்லை. இந்த ஏற்பாட்டோடு எனக்குச் சண்டையில்லை, ஒரே ஒரு நிபந்தனையைத் தவிர. துடிப்பைக் கொடுக்கும் பகுதி உயிரோடு இருந்து, கட்டுப்பாட்டுப் பகுதி மட்டும் உறைந்தாலும் ரிலே விழவேண்டும். டாஸ்க் மேனேஜரில் நிரலைக் கொன்று பார்ப்பது போதாது. கணக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும்படி செய்து, வெறும் ஸ்பிண்டிலோடு சோதித்துப் பாருங்கள்.

ஆனால் கப்பல் பிரிட்ஜிலும் விமானக் கட்டுப்பாட்டு மையத்திலும் இப்படி விழ ஒரு ரிலே இல்லை. அங்கே என் நிலை மாறாது: டெஸ்க்டாப் ஓஎஸ் வேண்டாம்.

கப்பல்காரன்:
பிரிட்ஜில் எக்டிஸ் இரண்டு வைத்திருக்கிறோம், ஒன்று உறைந்தால் இன்னொன்று.

நிரலி:
இரண்டிலும் ஒரே விண்டோஸ், ஒரே கம்பெனி மென்பொருள், ஒரே யூஎஸ்பியில் வந்த சார்ட் அப்டேட் என்றால், ஒன்றைத் தள்ளுவது மற்றதையும் தள்ளும்தானே?

கப்பல்காரன்:
அது நடக்கலாம். ஆகவேதான் ரேடாரையும் ஜன்னலையும் பார்க்காமல் வாட்ச் (காவல் முறை) எடுக்கக்கூடாது என்று ஜூனியர்களிடம் சொல்கிறோம். இரண்டு யூனிட்டுக்கும் ஒரே நாளில் அப்டேட் போடுவதில்லை. முதலாவது சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.