கூடையில் மிஞ்சிய ஒரு ஜோடி கொலுசு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து போன். “தம்பி, மதுரைக்காரர் காலையிலிருந்து நாற்பது ஐட்டம் பார்த்துப் பார்த்துப் போட்டாராம், இப்போ கூடையில ஒரே ஒரு ஜோடி கொலுசுதான் நிக்குதாம், என்னன்னு பாருப்பா.” போன் செய்த அண்ணன் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரி, கடைக்காரர்கள் ஆர்டர் போடும் சைட் செய்து கொடுத்தது நான். “லாக்அவுட் ஆயிட்டாராங்கண்ணா?” என்று கேட்டேன். “இல்லப்பா, கடைப் பேரெல்லாம் மேல சரியாத்தான் காட்டுதாம்.” அதைக் கேட்டதும்தான் வயிற்றைக் கலக்கியது: லாகின் இருக்கிறது, கூடை மட்டும் காணோம்.

இரண்டு டாம்கேட் சர்வர் (ஜாவா சைட்டை ஓட்டுவது), முன்னால் வருபவர்களை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் அப்பாச்சி லோட் பேலன்சர். ஒருவருடைய லாகின், கூடை எல்லாம் சர்வர் மெமரியில் இருக்கும், அதுதான் செஷன். ஸ்டிக்கி செஷன்தான், ஒருவர் எந்த சர்வரில் நுழைந்தாரோ அது உயிரோடு இருக்கும்வரை அங்கேயே போவார், செஷனை அடையாளம் காட்டும் ஜேசெஷன்ஐடி குக்கியின் வாலில் ஒரு புள்ளி வைத்து சர்வர் பெயர் ஒட்டியிருக்கும். வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் டிஸ்ட்ரிபியூட்டபிள் போட்டு, செஷனைக் காப்பி செய்யும் டெல்டா மேனேஜர் வைத்து, செஷன் இன்னொரு சர்வருக்கும் காப்பி ஆகிறதா என்று சோதித்தும் பார்த்திருந்தேன். எப்படிச் சோதித்தேன் தெரியுமா? லாகின் செய்து, ஒரு கொலுசைக் கூடையில் போட்டு, ஒரு சர்வரை நிறுத்தி, பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தேன். கொலுசு இருந்தது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

அன்று முதல் சர்வர் மெமரி தீர்ந்து விழுந்திருக்கிறது (கொலுசு படங்களைச் சுருக்கும் என் கோடுதான் தின்றது, அது தனிக்கதை). இரண்டாவது எடுத்துக்கொண்டது, செஷனும் அங்கே இருந்தது. ஆனால் டெல்டா மேனேஜர் முழு செஷனை ஒவ்வொரு முறையும் அனுப்பாது, செட்ஆட்ரிபியூட் (செஷனில் ஒன்றை வைக்கும் கட்டளை) வழியாகச் சொன்ன மாற்றத்தை மட்டும்தான் அனுப்பும். நான் முதல் பொருளுக்கு ஒரு ஆரேலிஸ்ட் (பட்டியல்) உருவாக்கி செட்ஆட்ரிபியூட் செய்தேன், அதற்கப்புறம் அதே லிஸ்டை எடுத்து வெறுமனே ஆட் செய்துகொண்டே போனேன். முதல் சர்வரின் மெமரியில் நாற்பது, அடுத்ததில் ஒன்று. திருத்தம் ஒரே வரி: ஆட் செய்த பிறகு அதே லிஸ்டைத் திரும்ப செட்ஆட்ரிபியூட் செய்வது. அந்த ஒரு வரிக்காக மதுரைக்காரருக்குப் போன் போட்டு நானே மன்னிப்புக் கேட்டேன், மனிதர் மறுபடி முதலிலிருந்து தேர்ந்தெடுத்தார்.

கையோடு, காப்பியை எப்படி அனுப்புவது என்று சொல்லும் சேனல்சென்ட்ஆப்ஷன்ஸையும் 8லிருந்து 6க்கு மாற்றினேன். 8 என்றால் காப்பி போய்ச் சேர்வதற்கு முன்பே பயனருக்குப் பதில் போய்விடும், அந்த இடைவெளியில் சர்வர் விழுந்தால் கடைசி க்ளிக் காலி. 6 கொஞ்சம் மெதுவு, ஆனால் மறுமுனை வாங்கிக்கொண்டேன் என்று சொல்லும்வரை காத்திருக்கும்.

*

உங்களுக்காவது ஒரு ஜோடி மிஞ்சியது அண்ணா. ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு அறை பதிவு செய்யும் சைட் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதே டாம்கேட், அதே டெல்டா மேனேஜர். கோடை விழா வாரம், ஒரு சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் அதிலிருந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே. பாதி ஃபார்ம் நிரப்பியவர்கள் விடுதிக்குப் போன் செய்து திட்ட, விடுதிக்காரர் எனக்குச் செய்தார். எங்கள் ஆபீஸில் நன்றாக ஓடியதுதான்! சர்வர்கள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது 228.0.0.4 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில் (அனுப்பினால் குழுவில் எல்லோருக்கும் போகும்), நாங்கள் மாறிப்போன கிளவுட் நெட்வொர்க்கில் மல்டிகாஸ்ட் போகாது. குழுவில் வேறு யாரும் இல்லை என்று ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சர்வர் குறிப்பெழுதும் லாக்கில் எழுதித்தான் இருந்தது, எரர் இல்லாத வெறும் இன்ஃபோ வரி என்பதால் யாரும் படிக்கவில்லை. இரண்டு சர்வர் முகவரியையும் ஸ்டாட்டிக் மெம்பராகக் கையால் எழுதி வைத்தபின் சரியானது.

*

அந்த வரி என் லாக்கில் இருக்கிறதா என்று இப்போதே போய்த் தேடினேன் தம்பி, இல்லை. ஆனால் கூடையை டேட்டாபேஸுக்கே மாற்றிவிட்டேன், செஷனில் பயனர் எண் மட்டும்தான். மொத்த வியாபாரிகள் இரண்டு நாள் யோசித்து வாங்குபவர்கள், செஷன் ஆயுளோ 30 நிமிடம்.