பீஸ் ரேட் லைனில் புதியவர்களுக்குப் பயிற்சி: ஆலோசனை தேவை

திருப்பூரில் ஏற்றுமதிக்கு டி-ஷர்ட் தைக்கும் ஒரு நிறுவனத்தில் தையல் லைன் ஒன்றின் சூப்பர்வைசராக நான் பொறுப்பேற்றது முதல், ஓரம் மடித்து அடிக்கும் பிளாட்லாக் மெஷின்களில் பண்டல்கள் தேங்குவதும் செக்கிங்கிலிருந்து ஆல்டர் பீஸ்கள் (திருத்தித் தைக்க வேண்டியவை) குவியலாகத் திரும்புவதும் தீராத சிக்கலாக உள்ளன. துணித் துண்டுகளை இணைக்கும் ஓவர்லாக் வேலை தடையின்றி ஓடுகிறது. பாட்டம் (டி-ஷர்ட்டின் கீழ் ஓரம்) மடித்து அடிக்கும் இடத்தில்தான் தையல் விட்டு விட்டு விழுகிறது, ஓரமும் நெளிகிறது. அங்கே அமர்ந்திருப்பவர்கள் தீபாவளிக்குப் பிறகு சேர்ந்த ஒடிசா இளைஞர்கள். பக்கத்திலேயே இருக்கும் மூத்த டெய்லர்களுக்குப் பீஸ் ரேட் (தைக்கும் பீஸ்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி) என்பதால், சொல்லிக்கொடுக்கச் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குக் கூலி இழப்பு. ஆகவே அவர்கள் ஒதுங்கிக்கொள்வதை நான் குறையாகக் கருதவில்லை.

மெக்கானிக்கை வைத்து ஊசி, லூப்பர், நூல் டென்ஷன் அனைத்தையும் சரிபார்த்தாயிற்று. ஆட்களை இடம் மாற்றிப் பார்த்தேன். இந்தி தெரிந்த ஹெல்பரை உடன் நிறுத்தினேன். காலையில் சிறு கூட்டமும் நடத்தினேன் (எல்லோரும் தலையாட்டியதோடு சரி). முழு லைனையும் ஷிப்ட் சம்பளத்துக்கு மாற்ற நிர்வாகம் இசையவில்லை.

பீஸ் ரேட்டை வைத்துக்கொண்டே, கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கு மூத்த டெய்லர்களுக்குத் தர வேண்டிய ஈட்டுத்தொகையை உங்கள் நிறுவனத்தில் எவ்வாறு கணக்கிடுகிறீர்கள்?