எபிஃபனிக்கு தமிழ்ல என்னங்க சொல்றது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பாலக்காட்டுல வேலைங்க எனக்கு. நேத்து டீக்கடைல கூட வேலை செய்யற மலையாளி சேட்டன் எனக்கொரு எபிஃபனின்னாரு, ஏதோ ஐடியாவாக்கும்னு நெனச்சு என்ன ஐடியா சேட்டான்னு கேட்டா, ஐடியா அல்லடா வெளிபாடுங்கறாரு. நமக்கு வெளிப்பாடுன்னா மனசுல இருக்கறத வெளிய காட்டறதுதானே? சர்ச்சுல கொண்டாடற ஜனவரி 6 பெருநாளுக்கும் அதே பேருன்னு வேற சொல்லி கொழப்பிட்டாரு.

சித்தூர்_மணி:
பெருநாள்தான் மூலம். கிரேக்க வார்த்தைங்க, மறைவா இருந்தது தோன்றி நிக்கறதுன்னு வரும். கத்தோலிக்கத்துல ஞானிகள் குழந்தை ஏசுவ வந்து பார்த்தது, தமிழ் பூசைல திருக்காட்சின்னுவாங்க. கிழக்குச் சபைகள்ல யோர்தான்ல ஞானஸ்நானம் வாங்கினத கொண்டாடறாங்க. கேரளா சுறியானி கிறிஸ்தவங்களுக்கு அது தனஹா, சிரியாக் மொழில உதயம்னு அர்த்தம். இரிஞ்சாலக்குடா பக்கம் பிண்டிகுத்திம்பாங்க, பிண்டின்னா நம்ம வாழைத்தண்டுதான், அத வாசல்ல நட்டு வெளக்கேத்துவாங்க. மலையாள வெளிபாடு தெய்வம் உணர்த்தறது, நம்ம வெளிப்பாடு வேற.

ரவுண்டானா:
பொறி தட்டுச்சுன்னு போட்டுட்டு போங்க, இதுக்கு எதுக்கு இவ்ளோ.

வேலந்தாவளம்77:
பொறி சந்தேகத்துக்கும் தட்டும்ங்க. எபிஃபனில புதுசா ஒண்ணும் கெடைக்காது, கண்ணு முன்னாடியே கெடந்தது அன்னிக்குத்தான் தெரியும். பெருநாள் வார்த்தைய இப்படி சாதாரண விசயத்துக்கு இழுத்துட்டு வந்தவர் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ், காதுல விழற துண்டுப் பேச்சுலயே சட்டுனு எல்லாம் தெரிஞ்சுரும்கற மாதிரி. என் கதையவே சொல்றேன். 2003ல தமிழ்நாட்டுல லாட்டரிய தடை பண்ணதுல இருந்து அந்தப்பக்கத்து ஆளுங்க பார்டர் தாண்டி கேரளாவுல வாங்கிட்டு போறாங்க, நான் இந்தப்பக்கமே இருக்கறவன், விடுவனா? ஒருநாள் நகவெட்டி தேடி டிராயர இழுத்தேன், வரல, உள்ள பழைய சீட்டு, ரப்பர்பேண்டு போட்டு கட்டு கட்டா, ஒரு கட்டு மேல இடிச்சுட்டு நிக்குது. எண்ணிக்கூட பாக்கலைங்க. அன்னையோட விட்டுட்டேன். அதுக்கு நம்மூர்ல உறைச்சுதுன்னுதான் சொல்லுவோம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அப்ப ஞானோதயம்னு சொன்னா ஆகாதுங்களா?

வேலந்தாவளம்77:
அர்த்தம் சரிதான், ஆனா வாய்ல வந்தா நக்கலாத்தான் வருது. சீட்ட விட்டேன்னதும் வீட்டம்மா கேட்டதே இப்பத்தான் ஞானோதயமான்னு. அப்பறம் சொல்றப்ப எப்பிஃபேனின்னு சொல்லாதீங்க, இபிஃபனி, பி மேல அழுத்தணும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரொம்ப தேங்ஸ்ங்க. உறைச்சுதுன்னே வெச்சுக்கறேன். சேட்டன்கிட்ட இன்னிக்கு கேட்டுட்டேன் என்னதான் எபிஃபனின்னு. அந்தக் கடை டீ பத்து வருசமா நல்லாவே இல்லையாமா.