சுவரில் அரபு எழுத்தின் புள்ளி உதிர்கிறது

ஷார்ஜாவில் ஒரு பழைய கட்டடத்தின் வெளிச்சுவரில் தீவானி என்ற வளைவான எழுத்துப் பாணியில் அரபு வரி ஒன்று எழுதினேன், மூன்று மாதம்கூட ஆகவில்லை, கீழ்ப்பக்கம் பெயிண்ட் உப்பி, பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கெய்ரோவின் மன்ஷியத் நாஸர் பகுதியில் 2016இல் எல் சீத் என்ற ஓவியர் ஏறக்குறைய 50 கட்டடங்கள்மீது பரப்பி எழுதிய சுவரோவியத்தைப் பார்த்து வந்த ஆசை, அதனால் மனசு கேட்கவில்லை.

அரபியில் பா, தா, ஸா என்ற எழுத்துகள் மூன்றுக்கும் வடிவம் ஒன்றுதான், புள்ளிதான் அடையாளம். பாவின் கீழ்ப்புள்ளி போன வாரம் தொட்டதும் கையோடு வந்துவிட்டது, அடியில் மாவு மாதிரி வெள்ளை உப்பு.

சிமென்ட் பூச்சுச் சுவர், கடல் பக்கத்தில். தரையிலிருந்து இரண்டடி வரைதான் பிரச்சினை. சாதாரண பிரைமர், மேலே வெளிப்புற அக்ரிலிக் இரண்டு கோட். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பத்து நாள் காயவிட்டு, சிமென்ட்டின் காரத்தன்மையைத் தாங்கும் பிரைமர் அடித்து மறுபடி எழுதினேன். 15 நாளில் அதே கதை. குழாய்க் கசிவு இல்லை, பிளம்பர் பார்த்துவிட்டார்.

அந்த இரண்டடியில் மட்டும் அக்ரிலிக்கைச் சுத்தமாக எடுத்துவிட்டு, ஈரத்தை வெளியே விடும் சிலிக்கேட் பெயிண்டில் எழுதினால் நிற்குமா, இல்லை பூச்சையே கொத்தி எடுக்க வேண்டுமா?