நிலவைவிடப் பெரிய கப்பலும் ஒரு சுருள் கச்சானும்

பாலத்தடி:
நேற்று இரவு ‘இன்டிபென்டன்ஸ் டே: ரிசர்ஜென்ஸ்’ படத்தை நான்காவது தடவையாகப் பார்த்தேன். 1996இல் வந்த முதல் படத்துக்கு 20 வருடம் கழித்து, அதே ரோலண்ட் எமெரிக் எடுத்த இரண்டாம் பாகம். விசர்ப் படம் என்று எனக்கும் தெரியும். வில் ஸ்மித் இல்லை. அவருடைய ஆள் சோதனைப் பறப்பில் செத்துவிட்டதாக ஒரு கதை சொல்லிக் கணக்கை முடித்துவிட்டார்கள். ஆனால் அந்த வேற்றுக்கிரக ராணி, பனை உயரமெல்லாம் காணாது, பாலைவனத்தில் ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு வருகிற இடத்தில் கையிலிருக்கிற கச்சான் வாய்க்குப் போகாது. மனிசி எழும்பி வந்து, “இந்தக் கண்றாவியைத் திரும்பவுமா?” என்றாள். சத்தத்தைக் குறைத்துவிட்டு மிச்சத்தையும் பார்த்தேன். மட்டக்களப்பில் என்னைப் போல வேறு யாரும் உண்டா?

விஞ்ஞான வாத்தி:
அண்ணன், அந்த வேற்றுக்கிரகக்காரர் வருகிற தாய்க்கப்பலின் விட்டம் 3,000 மைல் என்கிறார்கள். கிட்டத்தட்ட 4,800 கிலோமீற்றர். நிலவு 3,474தான். 3,84,400 கிலோமீற்றர் தள்ளி நிற்கிற நிலவே கடலை ஏற்றி இறக்குகிறது. அதைவிடப் பெரிய சாமான் அத்திலாந்திக்கில் வந்து குந்துகிறது, ஆட்கள் வாகனத்தில் ஓடித் திரிகிறார்கள்! என் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் பேப்பரைச் சுழித்துவிடுவேன்.

பாலத்தடி:
சேர், கூத்துக் களரியில் அரசன் படை சூழ வருவதாகப் பாடிக்கொண்டு வட்டம் போடுகிறான். பின்னால் நிற்பது மத்தளக்காரரும் தாளக்காரரும். படை எங்கே என்று விடிய விடிய இருந்து பார்த்த எங்கள் சனம் எப்போதாவது கேட்டதா?

விஞ்ஞான வாத்தி:
கூத்தை இதற்குள் இழுக்க வேண்டாம். கூத்தில் தாளம் பிசகினால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சும்மா விடமாட்டார். தாளம் இருந்தது முதல் படத்தில்தான். கப்பலின் நிழல் ஊர் ஊராக விழும், ஆட்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், அடி விழ நேரம் எடுக்கும். வெள்ளை மாளிகைக்கு மாதிரி செய்து, உண்மையாகவே வெடிவைத்துப் படமெடுத்தார்கள். உடைந்த சாமானில் ஒரு பாரம் தெரிந்தது. அதற்கு ஒஸ்காரும் கிடைத்தது. இரண்டாவதில் ஊரையே அள்ளிக் கொட்டுகிறார்கள், எனக்குக் கொட்டாவி வருகிறது. 165 மில்லியன் டொலர் போட்டும் முதல் படத்தின் வசூலில் பாதியைக்கூட எட்டவில்லை. இனி அவர்களுடைய கிரகத்துக்கே போய் அடிப்போம் என்று முடித்தார்கள். மூன்றாம் பாகம் எங்கே?

படுவான்கரை:
சேர் முதல் படத்தை முழுசாகப் பார்த்தவர், கொடுத்துவைத்தவர். எங்கள் பக்கம் அப்போது கறண்ட் இல்லை. வாடகைக்கு டெக்கும் ஜெனரேட்டரும் எடுத்து, முற்றத்தில் பாய் விரித்துப் பார்த்தோம். கடைசிச் சண்டையில் எண்ணெய் முடிந்துவிட்டது. கப்பல் விழுந்ததா இல்லையா என்று இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது.

பாலத்தடி:
😂 இதற்கு ஒரு ஒஸ்கார் கொடுக்கலாம்.

கடற்கரை வீடு:
பம்பலைக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம். அந்தக் கப்பல் இறங்கும்போது கடல் எழும்பி வருகிறது அல்லவா? படகிலிருக்கிற வயசாளி அலையில் அடிபட்டும் தப்பி, பிறகு பகிடி விட்டுக்கொண்டு பிள்ளைகளை ஏற்றி பஸ் ஓட்டுகிறார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் வளவில் கிணற்றுக்கட்டு மட்டும்தான் மிஞ்சியது. கல்லடியில் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சரிந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த அலைக்கு என்னால் கச்சான் கொறிக்க முடியாது.

பாலத்தடி:
தங்கச்சி, நாலு தடவை பார்த்தும் அது எனக்கு ஓடவில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

படுவான்கரை:
எனக்கு மற்றப் பக்கமாக ஓடுகிறது. கரைவலை இழுக்கப் போன என் மாமா அன்றைக்குத் திரும்பி வரவில்லை. அந்த வயசாளி தப்புகிற இடத்தை ரிவைண்ட் பண்ணிப் பார்ப்பேன். படத்திலாவது ஒருத்தர் வரட்டும்.

கடற்கரை வீடு:
அண்ணன், உங்கள் மாமாவை நினைத்துச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அவர் ஒருத்தர் தப்புகிறார். அதே அலையில் போன மற்றவர்களுக்குப் பெயர்கூட இல்லை. கமரா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

விஞ்ஞான வாத்தி:
இது நான் சொன்ன நிலவுக் கணக்கைவிடப் பெரிய பிழை.

பாலத்தடி:
அப்படியென்றால் இனிப் பார்க்கக் கூடாதா?

கடற்கரை வீடு:
பார்க்கவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? கப்பல் இறங்கும்போது எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுவேன். ராணி பஸ்ஸைத் துரத்தத் தொடங்கினால் தம்பி கூப்பிடுவான்.