ஏற்காட்டு முதியோர் இல்லத்திற்கு மடிப்போர்வை: எந்தத் துணி, எந்த அளவு?

அஸ்தம்பட்டிவாசி கேட்டது

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து, ஏற்காட்டில் உள்ள ஒரு முதியோர் இல்லத்திற்கு மடிப்போர்வை தைத்துக் கொடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். மடிப்போர்வை என்று நான் சொல்வது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மூடுகிற, துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த சிறிய போர்வையை.

சென்ற மார்கழியில் அங்கே போயிருந்தபோதுதான் இந்த எண்ணம் வந்தது. மாலை நான்கு மணிக்கே பனிமூட்டம் தாழ்வாரத்திற்குள் வந்துவிட்டது. ஒரு பாட்டி, குளியல் துண்டை இரண்டாக மடித்து முழங்கால்மேல் போட்டு, அது நழுவாமலிருக்க இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டீ தம்ளரை வாங்க ஒரு கையை எடுத்ததும் துண்டு தரையில் விழுந்துவிட்டது. முழுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் பாதி தரையில் புரள்கிறது. சால்வையோ தோளோடு சரி.

எங்களிடம் பழைய புடவைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சில பட்டு. தறிக்கூடத்திலிருந்து வெட்டுத் துண்டுகளும் ஒரு மூட்டை கிடைத்திருக்கிறது. உள்ளே இலவம்பஞ்சு அடைக்கலாமா, அளவு என்ன வைக்கலாம், வேறு எதைக் கவனிக்க வேண்டும்? இல்லத்தில் முப்பத்து நான்கு பேர் இருக்கிறார்கள். முதலில் இருபது போர்வைகள் கொடுப்பதாகத் திட்டம்.

முன்னாள் செவிலி

முதியோர் இல்லங்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், துணியைப் பற்றிப் பேசுவதற்கு முன் கொடிக்கயிற்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐப்பசியில் மழை தொடங்கினால் தை பிறக்கும்வரை அங்கே துணி காய்வதே பெரும்பாடு. இல்லங்களில் உலர்த்தும் இயந்திரம் இருப்பது அரிது. தடித்த போர்வை மூன்று நாள் கொடியில் தொங்கி, நான்காம் நாள் பூஞ்சை வாடையோடு உள்ளே வரும். அதன்பின் அதை யாரும் தொடமாட்டார்கள். நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில், நல்ல மனம் படைத்த சிலர் கொடுத்த பத்துப் பஞ்சுப் போர்வைகள் முதல் துவைப்போடு பரணுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே இலவம்பஞ்சு வேண்டவே வேண்டாம். அது தலையணைக்கு உகந்தது. நனைந்தால் கட்டிக்கட்டியாகத் திரண்டு ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். சிறுநீர்க் கசிவு உள்ளவர்களின் போர்வை வாரத்திற்கு இரண்டு மூன்று முறையாவது துவைப்புக்குப் போகும் என்பதை மனத்தில் வைத்துத் தையுங்கள். ஸ்கேபிஸ் எனப்படும் சிரங்கு இல்லங்களில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வேகமாகப் பரவக்கூடியது. அதை உண்டாக்கும் சிற்றுயிர் 50 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் பத்து நிமிடம் இருந்தால் மடிந்துவிடும். ஆகவே கொதிக்கிற வெந்நீரில் ஊறவைத்தாலும் கெடாத துணி மட்டுமே அங்கே நிலைக்கும். பட்டு அதற்குத் தாங்காது.

பொத்தான், மணி, சம்க்கி, நீண்ட நாடா எதுவும் கூடாது. மறதிநோய் உள்ளவர்கள் அவற்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் அவர்களுடைய விரல்கள் ஓயாமல் எதையாவது தேடிக்கொண்டிருக்கும் என்பதால், கைக்குட்டை வைக்கும் அளவில் ஒரு பையை மேற்புறத்தில் அழுத்தமாகத் தைத்துவிட்டால் அதற்குள் கையை விட்டும் எடுத்தும் அமைதியாக இருப்பார்கள்.

இருபது என்பதை மட்டும் மறுபரிசீலனை செய்யுங்கள். முப்பத்து நான்கு பேர் இருக்கும் இடத்தில் இருபது பேருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் மலையிறங்கிவிடுவீர்கள். மீதிப் பதினான்கு பேரின் முகத்தை அங்கே வேலை செய்பவர்கள்தாம் தினமும் பார்க்க வேண்டும்.

குகைத் தையற்காரன்

செவிலி அம்மா சொன்னதையே தையல்காரன் கணக்கில் சொல்கிறேன். மூன்று அடுக்கு போதும்: மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பழைய நாலு முழ வேட்டி, அடியில் பருத்திப் புடவை. நாலு முழ வேட்டியைக் குறுக்கே வெட்டினால் 36 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். அப்படியே இரண்டு போர்வைக்கு நடு அடுக்கு ஆயிற்று. ஐந்தரை மீட்டர்ப் புடவையில் முந்தியை நீக்கினாலும் 36 அங்குலத்தில் ஐந்து துண்டுகள் தேறும். இப்படித் தைத்தது வெயில் இல்லாவிட்டாலும் காற்றிலேயே ஒரு நாளில் காய்ந்துவிடும். பழம் புடவைகளை அடுக்கி நூலோட்டம் போட்டுக் குழந்தைக்கு விரித்த பாட்டிமார்கள் செய்ததும் இதைத்தானே.

தறிக்கூடத்து வெட்டுத் துண்டுகளை அப்படியே நம்பாதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரிந்த வாடை வந்து, தொட்டால் உதிர்கிற சாம்பல் மிஞ்சும். செயற்கை இழையானால் உருகிச் சுருண்டு, கறுத்த மணியாக இறுகிவிடும். குளிருக்கு ஹீட்டர் பக்கத்தில் உட்காருகிற வயதானவர் மடியில் உருகுகிற துணியைப் போடக்கூடாது. ஜரிகையும் வேண்டாம். மெலிந்துபோன தோலில் அது அரத்தைப் போல உராயும்.

புதுப் பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும். பழம்புடவை ஏற்கெனவே சுருங்கி முடிந்தது. இரண்டையும் துவைக்காமல் சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே போர்வை வறுத்த அப்பளம்போல் சுருண்டு நிற்கும். எல்லாத் துணியையும் வெந்நீரில் அலசிய பிறகே கத்தரியை எடுங்கள். அரக்கும் கருநீலமும் சாயம் விடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

மிஷினில் 16 ஆம் எண் ஊசி போட்டு, தையலைச் சற்று நீளமாக வையுங்கள். நான்கு விரற்கடைக்கு ஒரு நூலோட்டம் கட்டாயம். இல்லாவிட்டால் நடு வேட்டி உள்ளுக்குள் மடிந்துகொள்ளும். ஓரத்திற்குக் கிராஸ் பீஸ், அதாவது மூலைவாட்டில் வெட்டிய துணிப்பட்டை, மடித்து வைத்துப் பைப்பிங் கொடுங்கள், மூலைகளை ஒரு தட்டை வைத்து வட்டமாக வெட்டிவிடுங்கள்.

மகள்

என் தாயார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் அன்போடு கொடுத்த போர்வை 45 அங்குல அகலம். நாற்காலியின் இருக்கை 18 அங்குலம்தான். இரண்டு பக்கமும் தொங்கிய துணியின் ஒரு மூலை முன்பக்கத்துச் சிறு சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, நாற்காலி சட்டென்று நின்று, அம்மா முன்னால் சாய்ந்துவிட்டார். நல்லவேளையாக நான் பக்கத்தில் இருந்தேன். அதிலிருந்து நான் 30 அங்குல அகலம், 36 அங்குல நீளம் என்ற அளவைத் தாண்டுவதில்லை. நடமாடுகிறவர்களுக்குச் சற்று அகலமாக வைக்கலாம். ஆனால் அவர்களும் எழுந்திருக்கும்போது போர்வை காலில் சிக்கி விழக்கூடும் என்பதால், எழுமுன் அதை எடுத்துவிடும்படி பணியாளர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இதை எழுதத் தயங்கினேன். முழு வெள்ளைப் புதுத்துணியில் போர்வை வேண்டாம். அம்மாவின் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டிக்கு ஒருவர் வெள்ளைப் போர்வையைப் பிரித்துக் காலில் போர்த்தியபோது, "என்ன கண்ணு, இப்பவே கோடி போத்தறியா?" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கொடுத்தவருக்குத்தான் முகம் வெளுத்துப்போயிற்று. அதேபோல, இறந்தவர்களின் புடவையைச் சிலர் தொடமாட்டார்கள். எந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லக்கூடிய நிலையில் இருங்கள். முடிந்தால் இரண்டு மூன்று நிறங்களைக் காட்டி, அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாகக் கடையில் முப்பத்து நான்கு கம்பளிகள் வாங்கிக் கொடுத்துவிடலாமே?

அஸ்தம்பட்டிவாசி

கம்பளிகள் அங்கே கட்டிலுக்குக் கட்டில் இருக்கின்றன, ஐயா. அவை இரவுக்கு. பகலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஏழெட்டு மணி நேரத்திற்குத்தான் ஒன்றும் இல்லை.

மற்ற மூவருக்கும் மிகுந்த நன்றி. உங்கள் பதில்களைப் படித்தபின் நேற்று அந்த மூட்டையைப் பிரித்து, தீக்குச்சிச் சோதனை செய்தோம். பாதிக்கு மேல் மணியாக உருகியது. அதை மிதியடி தைப்பதற்கு ஒதுக்கிவிட்டோம். பட்டுப் புடவைகளை அவரவர் வீட்டுக்கே திருப்பி எடுத்துப்போகச் சொன்னதில் ஒருவருக்குச் சற்று வருத்தம்தான். வேட்டிகள் மட்டும் எதிர்பாராத அளவுக்குச் சேர்ந்துவிட்டன. முப்பத்து நான்கும் தயாரான பிறகே கொடுப்பது, இல்லத்துப் பொறுப்பாளரிடம் முன்னதாகப் பேசி எத்தனை பேர் சக்கர நாற்காலியில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. மேடை போட்டுப் படம் எடுப்பதையும் விட்டுவிட்டோம். அவரவர் பெயரைத் துவைத்தாலும் அழியாத மையால் ஓரத்தில் எழுதப்போகிறோம். எங்கள் பெயர் எங்கும் இராது.

முதலில் ஒரு மாதிரிப் போர்வையை அடுத்த வாரம் மேலே கொண்டுபோய், இரண்டு துவைப்பு ஆகும்வரை அங்கேயே விட்டுவர எண்ணம்.

குகைத் தையற்காரன்

கொண்டுபோகுமுன் நீளத்தையும் அகலத்தையும் அளந்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். திரும்பி வந்ததும் அதே இடங்களில் அளந்து, எத்தனை அங்குலம் குறைந்திருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். மீதி முப்பத்து மூன்றையும் அதற்குப் பிறகு வெட்டலாம்.