சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் கருப்பட்டிக் காலம்

மதுரையிலிருந்து:

ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி, நரிப்பையூர் பனங்காடுகளுக்கு யாராவது குடும்பத்தோடு போயிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் பங்குனிக் கடைசியில் போனோம். மாசி தொடங்கி ஆடி வரைதான் அங்கே பதநீர்க் காலம் என்பதால் அதற்கேற்பத் திட்டமிடுங்கள். அதைவிட முக்கியம், விடிவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறியபின் போனால் பதநீர்க் கலயங்கள் எல்லாம் மரத்திலிருந்து இறங்கியிருக்கும்.

பனையேறும் அண்ணாச்சி இறக்கிய கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தது. அது இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால் சுண்ணாம்பில் அவர் மிகவும் கவனமாக இருக்கிறார். குருத்தோலையில் பட்டை மடித்து, அதில் ஊற்றிக் கொடுத்தார். பிள்ளைகள் இரண்டாம் முறையும் பட்டையை நீட்டினார்கள்.

"ஒரு நாள் ஏறாமல் இருந்தால் என்ன ஆகும், அண்ணாச்சி?" என்று என் மனைவி கேட்டாள்.

"பாளையைச் சீவிக்கொண்டே இருந்தால்தான் ஊறும், தாயி. விட்டால் காய்ந்துபோகும்" என்றார். பாளை என்பது பனையின் பூங்குலை, அதைச் சீவினால்தான் பதநீர் சொட்டும். வீட்டில் கல்யாணம் என்றாலும் காய்ச்சல் என்றாலும் யாராவது ஏறித்தான் ஆகவேண்டும். அந்தப் பதிலுக்குப் பிறகு அந்த மரங்களை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

பிறகு விடிலி. ஓலை வேய்ந்த அந்தக் குடிசைக்குள் அவர் மனைவி பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அடுப்பில் உடைமுள்ளும் சீமைக்கருவேல விறகும் எரிகின்றன. நுரை பொங்கி வழியப் போகும் நேரத்தில் நசுக்கிய ஆமணக்கு விதையைப் போட்டார், சட்டென்று அடங்கியது. பதநீர் பாகாகிக் கறுக்கும்வரை கிண்டுவதை நிறுத்தவே இல்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார். உருண்டது. உடனே மணலில் வரிசையாகப் பதித்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார். அந்தப் புகையிலும் அனலிலும் எங்களால் சிறிது நேரம்கூட நிற்க முடியவில்லை. அவருக்கோ அது காலம் முடியும்வரை அன்றாட வேலை.

எங்களோடு வந்த உறவினர் ஒருவர் அங்கேயே விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். அவ்வளவு பதநீரும் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து மரமேறி இறக்கியது. சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலும் வெள்ளைச் சீனியைக் கலந்து காய்ச்சியிருப்பார்கள். தயவுசெய்து விடிலி வாசலில் பேரம் பேசாதீர்கள்.

நரிப்பையூர்ப் பக்கத்திலிருந்து:

மேலே எழுதியவருக்கு நன்றி. என் அப்பாவும் பனையேறிதான். எங்கள் தோப்புக்கும் ஆட்கள் வருகிறார்கள், வருவது எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் சென்ற ஆடியில் வந்த ஒரு குழுவினர், அப்பா இறங்கிய மரத்திலேயே வீடியோவுக்காக இன்னொரு முறை ஏறச் சொன்னார்கள். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதம் அது. மரத்தின் உச்சியே ஆடிக்கொண்டிருந்தது. அப்பா மறுக்கத் தெரியாதவர். நான்தான் குறுக்கே நின்று தடுத்தேன். அவர் ஏறும்போது படம் எடுங்கள், யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. படத்துக்காக ஏறச் சொல்லாதீர்கள்.

பதநீர் நின்றுவிட்டால் பனங்காட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆவணியில் பனம்பழம் விழும். அந்தக் கொட்டைகளைப் பொறுக்கி, மழைக்கு முன் மணலைக் குவித்துப் பனங்கிழங்குப் பாத்தி போடுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது முளைவிட்டு இறங்கும். அந்த மாதங்களில் அப்பா மிளகாய்க் காட்டு வேலைக்கும், விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்துக்கும் போவார். அம்மா ஓலைப்பெட்டி முடைவார். பொங்கலையொட்டிக் கிழங்கு பிடுங்குவோம்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. மரம் நின்றால் போதாது, ஏறுவதற்கு ஆளும் வேண்டும். என் தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். எங்கள் வரிசையில் பாளை சீவாமல் நிற்கும் மரங்கள் ஆண்டுக்காண்டு கூடுகின்றன.

தை மாதம் வாருங்கள். கிழங்கு பிடுங்க நீங்களும் மண்வெட்டி பிடிக்கலாம். முந்தைய நாளே சொல்லிவிட்டால், வேகவைத்த கிழங்கும் கருப்பட்டிக் காப்பியும் தயாராக இருக்கும்.